விடியற்காலத்துப் பங்காளிகள்

சென்னையில் ஆசைக்காகச் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு ஒரு நாளில் கிடைப்பது இரண்டு மணி நேரம். ஐந்தரையிலிருந்து ஏழரை. அதற்கு முன்னால் இருட்டும் தெருநாய்களும். அதற்குப் பின்னால் வெயிலும் தண்ணீர் லாரிகளும். சாயங்காலம் ஓட்டலாமே என்று கேட்பவர்கள் மாலை ஆறு மணிக்கு வேளச்சேரி விஜயநகர் முனையில் நின்று பார்த்ததில்லை. கத்திரி வெயில் நாட்களில் இந்த இரண்டு மணி நேரமும் ஒன்றரையாகச் சுருங்கிவிடும். மார்கழியில் கொஞ்சம் நீளும். ஆனால் மார்கழி ஒரு மாதம்தான்.

படம் எடுக்கத் தோதான வெளிச்சமும் அந்த நேரத்தில்தான் வருகிறது. நாம் இருப்பது பூமத்தியரேகைக்குப் பதின்மூன்று பாகை வடக்கே. இங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்வாக ஊர்ந்து ஏறுவதில்லை, ஏறக்குறையச் செங்குத்தாகக் கிளம்பிவிடுகிறது. குளிர்நாட்டுப் புகைப்படக்காரர்கள் நிதானமாகப் பேசும் பொன்னொளி நேரம் நமக்கு அரை மணி வாய்த்தால் பெரிது. அதற்குள் வெளிச்சம் வெளுத்து, மனித முகங்களில் கண்குழியும் மூக்கடியும் கறுக்கத் தொடங்கிவிடும். ஜூனில் அந்த அரை மணி ஐந்தே முக்காலுக்குத் தொடங்கும். ஜனவரிக் கடைசியில் ஆறரை தாண்டி. பறவைகளும் அப்போதுதான் இரை தேடும்.

உடம்புக்கும் அதே நேரம்தான் வேண்டியிருக்கிறது. நாற்பதைத் தாண்டியவர்களின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லும் வாக்கியம் எல்லாருக்கும் ஒன்றுதான்: "இன்னும் சுகர் வரல, வர்ற வழியில இருக்கு." இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, வரும் வழியில் இருப்பவர்கள் 13.6 கோடி. ஆகவே காலையில் வேர்க்க வேண்டும் என்பது பொழுதுபோக்குக் கணக்கில் மட்டும் சேராது.

வீடும் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் கேட்கிறது. பால், மோட்டார், குக்கர், பையனை எழுப்புவது, மறுபடி எழுப்புவது, டிபன் பாக்ஸ், காணாமல் போன ஒரு காலுறை, ஏழே முக்காலுக்கு வேன். ஒரு துண்டு நிலத்துக்கு நான்கு பங்காளிகள். நான்கு பேர் கையிலும் பத்திரம் இருக்கிறது, நான்குமே செல்லுபடியாகும் பத்திரங்கள்.

பொழுதுபோக்கையும் அன்றாடத்தையும் எப்படிச் சமன் செய்வது என்று கேட்டால் நேரத்தைத் திட்டமிடுங்கள், முதல்நாள் இரவே உடுப்பை எடுத்துவையுங்கள், சீக்கிரம் தூங்குங்கள் என்று யோசனைகள் வரும். எல்லாம் சரியான யோசனைகள்தான். உடுப்பை எடுத்துவைத்தாகிவிட்டது, தூங்கியும் ஆகிவிட்டது. ஐந்தரையும் ஏழரையும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. இதில் திட்டத்துக்கு வேலை கொஞ்சம்தான். அந்த நேரம் யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கு.

*

வீட்டுக்கு வருவதற்கு முன், மற்ற மூவருக்குள் நடக்கும் தகராறைச் சொல்லிவிட வேண்டும். சைக்கிளும் உடற்பயிற்சியும் கேமராவும் ஒரே குடும்பம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே போனால்தான் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது தெரியும்.

உடற்பயிற்சிக்கு இடைவிடாத துடிப்பு வேண்டும். 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் எழுபது எண்பது சதவீதத்தில் இதயத்தை முக்கால் மணி நேரம் நிறுத்திவை என்பது ஒரு தோராயக் கணக்கு. கைக்கடிகாரம் அதைக் கவனித்துக்கொண்டே வரும், துடிப்பு இறங்கினால் அதிரும். சைக்கிளுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருட்டில்லை. அதற்குத் தூரம் வேண்டும், முதுகில் காற்று வேண்டும், குழியில்லாத சாலை வேண்டும். கேமராவுக்கோ நிற்க வேண்டும். நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

பள்ளிக்கரணையில் இந்தத் தகராறு முற்றும். ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், மறுபக்கம் கோரையும் நீரும், அதற்கு அப்பால் பெருங்குடிக் குப்பைமேடு. ஒரு காலத்தில் இதைப்போலப் பல மடங்கு பரந்து கிடந்த சதுப்பு நிலத்தில் மிச்சமிருக்கும் 1,247 ஹெக்டேரை 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை அங்கே கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி, நெடுங்கால் உள்ளான் என்று நல்ல கூட்டம். சில வருடங்களில் பூநாரைகளும் வரும்.

சைக்கிளில் போகிறவனைப் பறவைகள் பொருட்படுத்துவதில்லை. போய்க்கொண்டே இருக்கும்வரை நாம் சாலையின் ஒரு பகுதி. பெடலை மிதிப்பதை நிறுத்தியதும் பின்சக்கரத்து ஃப்ரீவீல் டிக்டிக்டிக் என்று அடிக்கத் தொடங்கும். கரையோரம் நிற்கும் உள்ளான்கள் ஒரே நேரத்தில் தலை தூக்கும். காலைத் தரையில் ஊன்றினால் எழும்பிவிடும். இதற்கு ஒரு உபாயம் இருக்கிறது. நிற்கும் இடம் வரைக்கும் பெடலை விடாமல், அழுத்தமே கொடுக்காமல் சும்மா சுற்றிக்கொண்டு வந்து, பிரேக்கை விரல்நுனியால் பிடித்து, அந்தப் பக்கம் பார்க்காமல் இறங்க வேண்டும். பறவைக்கு நம்மேல் அக்கறை இல்லை என்று நம்பும் அளவுக்கு நாமும் அதன்மேல் அக்கறை இல்லாதவன்போல நடிக்க வேண்டும்.

அப்படி இறங்கி, முதுகுப் பையிலிருந்து கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தால் அடுத்த பிரச்சினை. மூக்குக்கண்ணாடியில் ஆவி. புருவத்திலிருந்து ஒரு சொட்டு வேர்வை. இதயம் இன்னும் நிமிடத்துக்கு 150 அடித்துக்கொண்டிருக்கிறது. 300 மில்லிமீட்டர் லென்சைக் கையில் பிடித்தால் ஷட்டர் வேகம் குறைந்தது நொடியில் 300இல் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய பாடம். ஆனால் அந்தப் பாடம் டீ குடித்துவிட்டு நிற்கும் கைக்கு எழுதப்பட்டது. இருபது நிமிடம் மிதித்துவிட்டு வந்த கையில் ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் சட்டகம் ஒரு முறை குதிக்கிறது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. ஷட்டர் வேகத்தை ஆயிரத்துக்கு ஏற்றலாம். விடியல் வெளிச்சம் அதற்குப் போதாது. ஐஎஸ்ஓவை ஏற்றினால் மீன்கொத்தியின் நீலத்தில் மணல் கொட்டியதுபோல் ஆகிவிடும். மூச்சு இறங்க இரண்டு மூன்று நிமிடம் சும்மா நிற்பதுதான் வழி. அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் கைக்கடிகாரம் உங்கள் உடற்பயிற்சி முடிந்ததா என்று கேட்கும்.

பயத்லான் என்று ஒரு பனிக்கால விளையாட்டு உண்டு. 1960 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் இருக்கிறது. பனிச்சறுக்குக் கட்டைகளில் மூச்சு முட்ட ஓடிவந்து, துப்பாக்கியை எடுத்துக் குறிபார்த்துச் சுட வேண்டும். அவர்களும் இதே துடிப்போடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் அவர்களுக்குக் குறி எங்கே இருக்கும் என்பது முன்பே தெரியும், அது பறந்தும் போகாது.

இதற்கு மேல் பராமரிப்பு. கோவளம் வரை போய்வந்தால் கடற்காற்று செயினில் உப்பைப் பூசி அனுப்பும். ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் துரு. சென்னைப் புழுக்கத்தில் லென்சுக்குள் பூஞ்சை படரும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பால்கனியில் பழைய பல்துலக்கியும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து அவன் உல்லாசமாக இருக்கிறான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

*

சைக்கிளும் கேமராவும் சண்டையிடுவது ஒரு வகையில் இயல்பு. இரண்டும் ஒத்த வயதுக்காரர்கள். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் டன்லப், மகனின் மூன்றுசக்கர வண்டி கல்பாவிய தெருவில் அதிராமல் ஓடுவதற்காகச் செய்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் நூறு படங்களுக்கான சுருள் முன்பே போட்ட கோடக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். எடுத்து முடித்ததும் கேமராவையே தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். படங்களைக் கழுவி, புதுச் சுருளும் போட்டு அனுப்புவார்கள். முதலில் இரண்டும் பணக்காரர் சமாசாரம். கோடக்கின் விலை 25 டாலர். 1900இல் வந்த பிரவுனி கேமரா ஒரு டாலருக்குக் கிடைத்தது. சைக்கிள் விலையும் அதற்குள் இறங்கிவிட்டது. 1890களில் இரண்டையும் சேர்த்தே விற்றார்கள். சைக்கிளில் மாட்டிக்கொண்டு போக வசதியாக மடங்கும் கேமரா ஒன்றுக்கு 'சைக்கிள் போக்கோ' என்றே பெயர்.

கருவி குமாஸ்தாவின் கைக்கு வந்தது. நேரம் அப்படித் தானாக இறங்கி வரவில்லை. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886இல் சிகாகோ தொழிலாளர்கள் இறங்கிய போராட்டத்தில் ரத்தம் சிந்தியது. அவர்கள் கேட்ட கணக்கில் வேலைக்கு எட்டு, தூக்கத்துக்கு எட்டு போக மிச்சம் எட்டு மணி நேரம் தங்களுக்கு. அந்த மிச்ச எட்டில்தான் உலகத்தின் எல்லா அமெச்சூர்களும் குடியிருக்கிறார்கள். இந்தியாவில் முதல் மே நாளைச் சிங்காரவேலர் 1923இல் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில். அதே கடற்கரையில் 1959இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை நிறுவப்பட்டது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்பிக்கொண்டு நிற்கிறார்கள். ஞாயிறு காலைகளில் சைக்கிள்காரர்கள் அங்கே வண்டியைச் சாய்த்துவைத்துப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். பின்னணியில் நிற்பவர்களுக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் சம்பந்தம் உண்டு என்பதைச் சட்டகத்துக்குள் இருப்பவர்கள் நினைப்பதாகத் தெரியவில்லை.

நினைக்க வைக்க அவ்வப்போது ஏதாவது நடக்கிறது. 2023 ஏப்ரலில், ஆலைகளில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் சட்டத்திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. நிறுத்திவைத்தார்கள், பிறகு மே நாளன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். சிங்காரவேலர் கொடியேற்றி நூறு வருடம் நிறைந்த அதே மே நாள். அலுவலக வேலைக்காரர்களான எங்களுக்கு அந்தச் சட்டத்தோடு நேரடித் தொடர்பில்லை. எங்கள் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சட்டமே தேவைப்படவில்லை. செல்பேசியே போதுமானதாக இருந்தது.

நேரத்தை விலைகொடுத்து வாங்கி ஓட்டுவது எங்கள் தலைமுறைக்குப் புதிதும் இல்லை. வாடகைச் சைக்கிள் கடையில் அரை மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து, மட்கார்டில் பெயின்டால் எண் எழுதிய சின்னச் சைக்கிளை எடுத்து, குரங்குப் பெடல் போட்டுப் பழகினவர்கள். கடைக்காரர் நோட்டில் எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொள்வார். ஐந்து நிமிடம் தாமதமானால் அடுத்த அரை மணிக்கும் காசு. இன்று சொந்தச் சைக்கிள், சொந்தக் கடிகாரம். நோட்டு மட்டும் வேறொருவர் கையில் இருக்கிறது.

*

அந்த எட்டு மணி நேரக் கணக்கில் ஆரம்பத்திலிருந்தே ஒரு ஓட்டை உண்டு. வேலை, தூக்கம், ஓய்வு என்று மூன்றாகப் பிரித்தவர்கள் சோறு யார் பொங்குவது என்று சொல்லவில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்த ஓட்டையை எண்களால் அளந்திருக்கிறது. வீட்டாருக்காகச் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதுவும், அப்படி ஈடுபடும் ஆண்களே நான்கில் ஒருவர்தான்.

இதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பார்க்கலாம். வயதுவந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. நமக்கு ஒரு வாரத்துக்குச் சொல்லப்பட்ட உச்ச அளவு, வீட்டில் பெண்ணுக்கு ஒரு நாளுக்கான சராசரி. ஆனால் அடுப்படியில் நின்ற நேரத்தை எந்தக் கைக்கடிகாரமும் பயிற்சி என்று பதிவதில்லை. அது முடிந்ததும் அதிர்ந்து பாராட்டுவதும் இல்லை. நீரிழிவு வரும் வழியில் இருக்கும் அந்த 13.6 கோடிப் பேரில் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய டாக்டரும் காலையில் நடக்கத்தான் சொல்கிறார்.

"நீங்க சைக்கிள் ஓட்டுறதுக்கு நான் ஏன் அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும்?" என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கணக்குப் பாடத்தில் ஒரு படியைத் தவறவிட்டவன்போல, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அவளும் வேலைக்குப் போகிறவள். நான் ஏழரைக்கு உப்புப் பூத்த முகத்தோடு உள்ளே வரும்போது டிபன் பாக்ஸ் மூடியிருக்கிறது, பையன் காலுறையோடு நிற்கிறான், மோட்டார் நின்றிருக்கிறது. எனக்குக் கிடைத்த விடியலின் விலை அந்த மேசைமேல் இருந்தது.

சைக்கிளே இந்தக் கணக்கை மாற்றிய ஊர் ஒன்று நம்மிடம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் தந்தார். ஆயிரக்கணக்கான பெண்கள், கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர்கள், சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதவில்லை என்று பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பஸ்ஸுக்காகவும், கொண்டுவிடக் கணவனோ தகப்பனோ வருவதற்காகவும் காத்திருந்த நேரம் அந்தப் பெண்களுக்கு மிச்சமானது. எனக்குச் சைக்கிள் நேரத்தைச் செலவழிக்கும் கருவி. அவர்களுக்கு அது நேரத்தை உண்டாக்கும் கருவி. இரண்டும் ஒரே பொருள்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு இந்த வித்தியாசம் பெரியது.

*

சாலையிலும் அந்த வித்தியாசம் கூடவே வருகிறது. விடியற்காலைச் சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலைக்கவசமும் இறுக்கமான சட்டையும் போட்டவர்கள் இல்லை. பேப்பர் போடுகிற பையன்கள், டீ கேன்காரர்கள், கட்டட வேலைக்குப் போகும் வடக்கத்திப் பிள்ளைகள், இரவுக் காவல் முடிந்து திரும்புகிறவர்கள். சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "எவ்ளோ சார் இந்த சைக்கிள்?" உண்மையைச் சொன்னால் அடுத்த வாக்கியமும் தயாராக இருக்கும்: "அதுக்கு ஒரு பைக்கே எடுத்திருக்கலாமே." அதனால் விலையில் பாதியைச் சொல்வது சைக்கிள்காரர்கள் மத்தியில் ஒரு மரபு. பாதியைச் சொன்னாலும் அதே பதில்தான்.

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையோர டீக்கடையில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். அறுபது இருக்கும். காவலாளிச் சட்டை, கழுத்தில் துண்டு, ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி. வண்டி பழைய கறுப்பு ஹெர்குலிஸ். 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் எங்கள் அப்பாக்கள் தலைமுறைக்கு வாரிக்கொடுத்த அதே வண்டி.

"இன்னா சார், இவ்ளோ தூரம் வேலைக்கா?"

"இல்லண்ணே, சும்மா."

"சும்மாவா?" என்று டீ கிளாசைக் கீழே வைத்தார். "சும்மாக்காச்சும் யாரு சார் சைக்கிள் மிதிப்பாங்க? எனக்கு மட்டும் ஒரு வண்டி இருந்தா இத்த கையால தொட மாட்டேன்."

அவர் வந்த விதத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். உப்பளத்து நீர் பின்னால் பளபளக்க, வெளிச்சத்தை முதுகில் வாங்கிக்கொண்டு, தலை கொஞ்சம் குனிந்து, ராத்திரி முழுக்க விழித்த உடம்பு பெடலுக்குப் பெடல் ஆட வந்துகொண்டிருந்தார். போட்டிக்கு அனுப்பினால் பரிசு வாங்கும் படம். எடுக்கவில்லை. இப்போது ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். சரி என்றவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், சட்டைப் பொத்தானைப் போட்டார், தூக்குச்சட்டியைக் கழற்றிக் கடைப் பலகைமேல் வைத்தார். பிறகு வண்டியை வெளிச்சத்துக்கு எதிராகத் திருப்பி நிறுத்தி, சீட்டில் ஒரு கையை ஊன்றி, ஸ்டுடியோவில் நிற்பதைப்போல நிமிர்ந்து நின்றார். வெளிச்சம் தட்டையாக முகத்தில் விழுந்தது. பின்னணியில் பெட்டிக்கடை. கலை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. "வாட்சப்புல அனுப்பு சார், பொண்ணுகிட்ட காட்டணும்" என்று நம்பர் சொன்னார்.

எடுக்காத அந்தப் படம், எடுத்த இந்தப் படம் இரண்டில் எது நல்ல படம் என்று கேட்டால் புகைப்பட நண்பர்கள் முதலாவதைத்தான் சொல்வார்கள். அதில் களைப்பு இருக்கிறது, வறுமை இருக்கிறது, ஒளி இருக்கிறது. ஆனால் அந்தக் களைப்பை அவர் யாருக்கும் காட்ட விரும்பவில்லை. தூக்குச்சட்டியைக் கழற்றி வைத்ததே அதற்குத்தான். பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டுகிறவன், பிழைப்புக்காகச் சைக்கிள் ஓட்டுகிறவனின் முதுகைப் படம் பிடிப்பதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அவரிடம் கேட்டு எடுத்தால் வில்லங்கம் தீரும், படம் கெடும். என் கணினியில் கெட்ட படங்கள் கூடிக்கொண்டே போகின்றன. அவற்றில் பல யாரோ ஒருவரின் செல்பேசியில் முகப்புப் படமாக இருக்கின்றன.

*

தொழிலாகச் செய்கிறவனுக்கு இல்லாத ஒரு சலுகை அமெச்சூருக்கு உண்டு. கெட்ட படம் எடுக்கலாம், மெதுவாக ஓட்டலாம், பாதியில் திரும்பலாம். அந்தச் சலுகையை நாமாகவே திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று சில சமயம் தோன்றுகிறது. சைக்கிள் செயலிகளைத் திறந்தால் போன மாதத்தைவிட எத்தனை சதவீதம் குறைவு என்ற தகவல் முதலில் வருகிறது. ஒரு பாலத்தின் ஏற்றத்தை யார் எத்தனை நொடியில் கடந்தார் என்ற பட்டியல் வருகிறது. படத்தைப் போட்டால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு. அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை வரும் அப்ரைசல் இங்கே தினமும் காலை ஏழரைக்கு வருகிறது. சம்பளம்தான் இல்லை.

நெடுந்தூரச் சைக்கிள்காரர்களின் ப்ரெவே வழக்கத்தில் இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை; தரவரிசை கிடையாது. வழியில் கடந்த இடத்துக்குச் சான்றாக ஏடிஎம் துண்டுச்சீட்டையோ கடை ரசீதையோ காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள். நேரக் கெடுவுக்குள் வந்தாயா என்பது மட்டுமே கேள்வி. வீட்டில் கேட்கப்படும் கேள்வியும் அதுதான் என்பதால் எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது.

புகைப்பட வரலாற்றில் இரண்டு அமெச்சூர்கள் அடிக்கடி நினைவுக்கு வருவார்கள். ஒருவர் பிரான்ஸின் லார்திக். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. சிறுவயது முதல் பெரும்பாலும் தனக்காகவே எடுத்துச் சேர்த்த படங்களை உலகம் 1963இல், அவருடைய அறுபத்தொன்பதாம் வயதில், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கண்டுகொண்டது. அவருக்கு நேரம் பிறப்பிலேயே கிடைத்தது. மற்றவர் விவியன் மேயர். சிகாகோவில் பல ஆண்டுகள் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடக்கும்போது கழுத்தில் ரோலிஃபிளெக்ஸ் கேமரா தொங்கும். 2007இல் வாடகை பாக்கிக்காக ஏலத்துக்கு வந்த அவருடைய சாமான்களிலிருந்து கிளம்பி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் பின்னர் வெளிச்சத்துக்கு வந்தன. அவருக்கென்று தனி நேரம் எதுவும் இருக்கவில்லை. வேலை நேரத்துக்குள்ளேயே தன் நேரத்தை ஒளித்துவைத்திருந்தார்.

நம் ஊரில் மா. கிருஷ்ணன். தமிழின் ஆரம்பகால நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். வெவ்வேறு பாகங்களை ஒட்டவைத்துத் தானே செய்துகொண்ட ஒரு பெருத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். காட்டு யானைகளை எடுத்த அதே மனிதர் வீட்டைச் சுற்றித் திரியும் அணிலையும் காக்கையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். தூரம் போக முடிந்த நாளில் தூரம், முடியாத நாளில் முற்றம். இரண்டுக்கும் ஒரே கவனம்.

*

எங்கள் வீட்டில் இப்போது பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. வாரத்தின் சில விடியல்கள் எனக்கு, சில மனைவிக்கு, ஒன்று பொது. அவளுடைய விடியலில் அவள் என்ன செய்யப்போகிறாள் என்று நான் சில ஊகங்கள் வைத்திருந்தேன். நடைப்பயிற்சி, யோகா, ஒருவேளை என்னோடு ஒரு சைக்கிள். கேட்டேன். "தூங்கப் போறேன்" என்றாள். ஆறரை வரை, யாரும் எழுப்பாமல். எட்டு மணி நேரக் கணக்கில் இரண்டாவது எட்டையே அவள் இன்னும் வாங்கி முடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவளுடைய நாட்களில் டிபன் பாக்ஸ் என் பொறுப்பு. எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கைவந்துவிட்டன. பீன்ஸ் பொரியல் இன்னும் மேல்முறையீட்டில் இருக்கிறது. என் நாட்களில் கோவளம் வரை போய்வரும் பெரிய வட்டம் பெரும்பாலும் இல்லை. பள்ளிக்கரணை வரை போய்த் திரும்பும் சின்ன வட்டம்தான். இந்த வருடம் 200 கிலோமீட்டர் ப்ரெவேக்குப் பெயர் கொடுக்கவில்லை. இதையெல்லாம் இழப்பு என்றுதான் சொல்ல வேண்டும். இழப்பை ஞானமாக மாற்றிச் சொல்லும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதில் ஒரு அனுகூலம் இருக்கிறது. அந்த மீன்கொத்தி எந்தக் கம்பத்துக்கும் எந்தக் கம்பத்துக்கும் நடுவில் உட்காரும் என்பது தெரிந்துவிட்டது. இரண்டு கம்பங்களுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து மூச்சை இறக்கிக்கொண்டு போய்ச் சேர்கிறேன். கை ஆடுவதில்லை. பயத்லான்காரர்களுக்குக் கிடைத்த வசதி எனக்கும் கிடைத்துவிட்டது.

சமநிலை என்று ஒன்றை அடைந்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இல்லை என்று பொருள். ஒவ்வொரு ஜூனிலும் வேன் நேரம் மாறுகிறது. வடகிழக்குப் பருவமழை வந்தால் சாலை மூழ்கி எல்லா விடியல்களும் வீட்டுக்கே போய்ச் சேர்கின்றன. மாமியாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்றால் ஒரு மாதத்துக்குப் பத்திரமே செல்லாது. ஒவ்வொரு முறையும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து புதிதாகப் பேசி, புதிதாகக் கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது. கோடு நேராக இருந்ததில்லை. யார் பக்கம் எவ்வளவு என்பதை இருவருமே ஒப்புக்கொண்டுதான் கிழித்திருக்கிறோம், அவ்வளவே.

வரும் ஜூனில் பையன் பத்தாம் வகுப்பு. காலை ஆறரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும் என்கிறார்கள், வேன் கிடையாதாம். கொண்டுபோய் விடுவது யார் என்று இன்னும் முடிவாகவில்லை. "சைக்கிள்ல போறேம்ப்பா" என்கிறான் அவன். அவ்வளவு காலையில், அந்த இருட்டில், அந்தச் சாலையில் தனியாகச் சைக்கிளா என்று நானும் அவளும் ஒரே குரலில் கேட்டோம்.